தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டப் பிரிவுகள்: சிற்றூர் வரலாறும் சமூக வாழ்வும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு குறித்து வெளிவந்துள்ள நூல்கள் குடியேற்றத்தையும் கூலி முறையையும் சட்டங்களையும் தொழிற்சங்கங்களையும் விரிவாகப் பேசுகின்றன. கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய ஆய்வு முதலாகப் பல நல்ல நூல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும் தனியொரு தோட்டத்தின் வரலாறு எழுதப்படுவது அரிது. ஒரு தோட்டத்திற்குள் அடங்கிய பிரிவின் வரலாறு அதனினும் அரிது. தோட்ட மக்கள் 'டிவிஷன்' என்று வழங்கிய அப்பிரிவே பெரும்பாலான தமிழர்க்குப் பிறந்த ஊராக விளங்கியது. 'எந்த ஊர்?' என்று கேட்டால் தோட்டத்தின் பெயரோடு 'இரண்டாம் டிவிஷன்' என்று சேர்த்துச் சொல்லும் முதியோரை இன்றும் காணலாம்.

இத்தகைய சிற்றூர்ப் பகுதிகளின் வரலாற்றைத் தொகுப்பதில் ஜெர்மானியர் தேர்ந்தவர்கள். 1960களின் இறுதியிலிருந்து பத்தாண்டுக் காலத்தில் மேற்கு ஜெர்மனியில் நடந்த ஊராட்சிச் சீர்திருத்தத்தால், ஏறத்தாழ 24,000ஆக இருந்த ஊராட்சிகள் ஏறத்தாழ 8,500ஆகக் குறைந்தன. தனித்து நின்ற சிற்றூர்கள் பெரிய ஊர்களின் பகுதிகளாயின. ஊர்த்தலைவர் பதவி போயிற்று, ஊர் போகவில்லை. வீடும் நிலமும் குடும்பங்களின் பெயரில் இருந்தன. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பல தலைமுறைகளாகக் குறித்துவந்த தேவாலயப் பதிவேடுகளும் இருந்தன. அவற்றைக்கொண்டு ஆசிரியர்களும் ஓய்வுபெற்றோரும் தத்தம் ஊர் வரலாற்றை எழுதி அச்சிட்டனர்.

ஏறத்தாழ அதே காலப்பகுதியில் பேராக் மாநிலத் தோட்டங்கள் பலவும் சிதறின. இங்கு மக்கள் வெளியேறியபோது ஊரும் அவர்களுடன் மறைந்தது. ஊர் என்பதற்குரிய எல்லா உறுப்புகளையும் பெற்றிருந்த தோட்டப் பிரிவு, நிலவுரிமையும் பதிவுரிமையும் மட்டும் பெறாதிருந்ததே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. தெலுக் இந்தான் வட்டாரத்தை, சிறப்பாக ஜெண்டராட்டா தோட்டத்தை, முன்வைத்து இக்கருத்து ஆராயப்படுகிறது.

ஆறும் நகரமும்

பேராக் ஆற்றின் வளைவில் அமைந்த தெலுக் இந்தான், 1882இல் ஆர்ச்சிபால்டு ஆன்சன் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரால் தெலுக் ஆன்சன் எனப்பட்டது. சரியாக நூறாண்டு கழித்து, 1982இல், தன் பழைய பெயரை மீண்டும் பெற்றது. லியோங் சூன் சோங் என்பவர் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரமே இந்நகருக்கு இன்று வெளியுலகில் அடையாளம். பார்ப்பதற்கு எட்டு அடுக்குப் போல் தோன்றினும் உள்ளே மூன்று அடுக்குகளே உள்ள அக்கோபுரம், நகரத்தின் குடிநீர்த் தொட்டியாகவும் பயன்பட்டது. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு 1893இல் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டபின், உள்நாட்டு ஈயமும் பின்னர் ரப்பரும் இத்துறைமுகத்தின் வழியே சென்றன.

தமிழருக்கு இந்நகரம் வேறொரு வகையில் முதன்மையானது. நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலில் நடைபெறும் சித்திரா பௌர்ணமி விழா, சுற்றுவட்டாரத் தோட்டங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டியது. பிற நாள்களில் தத்தம் பிரிவுக்குள் அடங்கி வாழ்ந்தவர்கள் உறவினரைக் கண்டு பேசவும், பெண் பார்க்கவும், துணிமணி வாங்கவும் அந்நாளே வாய்ப்பாயிற்று. செட்டியாரின் கோயிலுக்கும் தோட்டத் தொழிலாளியின் மாரியம்மன் கோயிலுக்கும் இடையே இருந்த சமூகத் தொலைவு பெரிது. அத்தொலைவைத் தேர்த்திருநாள் ஆண்டுக்கொருமுறை சற்றே குறைத்தது என்று கொள்ளலாம்.

நகருக்குத் தென்மேற்கே ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வரை பரந்துள்ள கரையோர நிலம் தாழ்வானது, களிமண் பாங்கானது. வாய்க்கால் வெட்டி, வரம்பு உயர்த்தி, கடல்நீர் ஏறாமல் மதகு அமைத்த பின்னரே இங்குப் பயிரிட முடிந்தது. ஆகவே இவ்வட்டாரத் தோட்டங்களின் முதல் வேலை மரம் நடுவதன்று; மண் வெட்டுவது. வாய்க்கால்களும் ஆறுகளும் ஒரு பிரிவை மற்றொரு பிரிவிலிருந்து பிரித்தன. மழைக்காலத்தில் அடுத்த பிரிவுக்குச் செல்வதே ஒரு பயணமாயிற்று. ஒவ்வொரு பிரிவும் தனிச் சிற்றூராக உருப்பெற்றதற்கு நிலத்தின் இவ்வியல்பும் ஒரு காரணம்.

பாகான் டத்தோ பகுதியில் தென்னந்தோட்டங்கள் மிகுதி. தெலுங்கு பேசும் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த இடமும் அதுவே. நெடுங்காலம் கீழ்ப்பேராக் மாவட்டத்தில் அடங்கியிருந்த அப்பகுதி 2017இல் தனி மாவட்டமாயிற்று. பழைய ஆவணங்களைத் தேடுவோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று. இன்றைய மாவட்டத்தின் பெயரில் தேடினால் 1930களின் கோப்புகள் கிடைப்பதில்லை.

ஜெண்டராட்டா

ஜெண்டராட்டா தோட்டம் 1906இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் டேனியப் பொறியாளரால் தொடங்கப்பட்டது. அவர் அதற்குமுன் சயாமில் மின்சார நிறுவனப் பணியில் பெயர்பெற்றவர். அவருடைய நிறுவனமே பின்னர் யுனைட்டெட் பிளாண்டேஷன்ஸ் என வளர்ந்தது. ஆங்கிலேயர் கைவசம் இருந்த தோட்டத் தொழிலில் டேனியர் நிலைத்து நின்றது சற்று வியப்புக்குரியது. இந்நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இன்றும் ஜெண்டராட்டாவிலேயே உள்ளது.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். கென்யாவில் காப்பித் தோட்டம் நடத்தி, அவ்வாழ்வை 1937இல் உலகப் புகழ்பெற்ற நூலாக எழுதிய டேனிய எழுத்தாளர் கேரன் பிளிக்சனுக்கு வெஸ்டன்ஹோல்ஸ் தாய்மாமன். அக்காப்பி நிறுவனத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். காப்பித் தோட்டம் 1931இல் விற்கப்பட்டு மறைந்தது. அதன் மக்கள் ஒரு நூலில் வாழ்கின்றனர். மலாயாத் தோட்டமோ நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. நிறுவனத்தின் வரலாற்றைச் சூசன் மார்ட்டின் 2003இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியுள்ளார். முதலீடு, ஆலை, நிருவாகம் ஆகியவற்றின் வரலாறாகிய அந்நூலின் பணி சிறப்பானது. லயத்திலிருந்து பார்த்து எழுத வேண்டிய வரலாறு இன்னும் நம் கடமையாகவே உள்ளது.

பிரிவின் அமைப்பு

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. 1907இல் அமைந்த குடிநுழைவுக் குழு, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி, தொழிலாளரின் கப்பற்பயணச் செலவை ஏற்றது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் சேர்த்தமையால், உறவும் சாதியும் ஊர்ப்பற்றும் கலையாமல் கடல் கடந்து வந்தன. ஒரு பிரிவில் ஒரே வட்டத்து ஊர்களைச் சேர்ந்தோர் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபின் புதிய வரவு பெரிதும் நின்றது. அதுமுதல் பிரிவின் மக்கள்தொகை பிறப்பாலேயே பெருகியது. தோட்டம் ஊராக மாறிய காலம் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், இவ்வாண்டினையொட்டிய காலத்தையே சுட்டுவேன்.

பிரிவின் அமைப்பை அறிந்தவர்க்கு அதன் சமூக அடுக்கு கண்கூடு. மேட்டில் துரையின் பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். அப்பால் வரிசை வரிசையாக லயங்கள். கிராணிமாருள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி. லயங்களின் ஒரு கோடியில் ஆயாக் கொட்டகை, மறுகோடியில் கள்ளுக்கடை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுத்தனர். அப்பெயர்ப் பட்டியலாகிய செக்ரோலே தோட்டத்தின் முதன்மை ஆவணம். அதில் தொழிலாளியின் பெயர் கிராணியின் காதில் விழுந்தபடி, அவர் விரும்பிய ஆங்கில எழுத்துக்கூட்டில் ஏறிற்று. ஒரு தந்தையின் மூன்று பிள்ளைகள் மூன்று விதமான தந்தை பெயருடன் அடையாள அட்டை பெற்ற விந்தையின் தோற்றுவாய் இங்குதான் உள்ளது.

லயங்களுக்குள்ளும் பிரிவினை இருந்தது. சாதியால் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வரிசையும் கோயில் விழாவில் தனி இடமும் ஒதுக்கப்பட்ட தோட்டங்கள் பல. 1929 டிசம்பரில் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டிற்குப் பெரியார் ஈ.வெ. இராமசாமி வந்து சென்றபின், சீர்திருத்தக் கருத்துகள் பேராக் தோட்டங்களில் பரவின. 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் வேறொரு வகையில் இதற்குத் துணை நின்றது. கோயில் விழாவில் முன்னுரிமை யாருக்கு என்ற பூசல் எழக்கூடும். திருநாள் மேடையிலோ திறமையே முன்னின்றது. பேச்சுப் போட்டிக்கும் நாடகத்திற்கும் சாதி வரிசை தேவைப்படவில்லை.

கோயிலும் பள்ளியும்

தோட்ட வாழ்வின் இரு தூண்கள் கோயிலும் பள்ளியும் என்பது பலரும் கூறும் கருத்து. இரண்டின் தோற்றமும் வேறுவேறானது என்பதையும் உடன் கூற வேண்டும். கோயிலைத் தொழிலாளரே எழுப்பினர். மரத்தடியில் நட்ட கல்லோ சூலமோ நாளடைவில் தகரக் கொட்டகையாகிப் பின்னர்ச் சுதைக் கோபுரமாக உயர்ந்தது. கோயில் வரி சம்பளத்தில் பிடிக்கப்பட்டது; நிருவாகமும் உதவியது. தீமிதித் திருவிழாவிற்கு வேறு தோட்டத்தில் குடியேறியவர்களும் திரும்பி வந்தனர். எல்லையில் முனியாண்டி நின்றார். ஊருக்கு எல்லைத்தெய்வம் உண்டு. வெறும் வேலைத்தளத்திற்கு எல்லைத்தெய்வம் எதற்கு? அம்மக்கள் தாம் வாழ்ந்த பிரிவை ஊராகவே கருதினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பள்ளி சட்டத்தின் வழி வந்தது. 1912இலும் பின்னர் 1923இலும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டங்கள், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தன. சட்டத்தை நிறைவேற்றும் அளவிற்கே பல முதலாளிகள் செய்தனர். ஆயாக் கொட்டகையின் ஒரு மூலை பள்ளியாயிற்று. கிராணியோ படித்த கங்காணியோ காலையில் ஆசிரியராயினார். ஆயினும் ஒரு சட்டவிதியின் குறைந்தபட்ச நிறைவேற்றமாகத் தொடங்கிய அப்பள்ளிகள்தாம் நாட்டில் தமிழ்க்கல்வியின் அடித்தளமாயின. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேற்பட்டவை உள்ளன. எண்ணிக்கை குறைந்தது ஒருபுறமிருக்க, எஞ்சியவற்றுள் பெரும்பகுதியின் பெயரில் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் இன்றும் நிற்பது எண்ணத்தக்கது. தோட்டம் என்பது அதன் பொருள்.

ஜெண்டராட்டாப் பள்ளிகள் இன்னும் ஒருபடி மேல். ஜெண்டராட்டா 1, ஆல்பா பெர்ணம் என்பனபோல அவை பிரிவின் எண்ணையும் பெயரையுமே தாங்கியுள்ளன. அரசாங்கப் பதிவேட்டில் ஒரு தோட்டப் பிரிவின் பெயர் இடம்பெறுவதற்குப் பெரும்பாலும் பள்ளியே காரணமாகிறது. அஞ்சல் முகவரியிலும் நிலப்பதிவிலும் இல்லாத பெயர், கல்வி அமைச்சின் பட்டியலில் இருக்கிறது.

போரும் அவசரகாலமும்

1942 சனவரித் தொடக்கத்தில் சப்பானியப் படையினர் கடல்வழியே ஊத்தான் மெலிந்தாங் பகுதியில் இறங்கித் தெலுக் ஆன்சனைக் கைப்பற்றினர். கம்பாரில் எதிர்த்து நின்ற பிரித்தானியப் படை பின்வாங்க நேர்ந்ததற்கு இத்தரையிறக்கமும் ஒரு காரணம். அதாவது, இத்தோட்டங்களின் ஊடாகவே போர் நடந்து சென்றது. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாகச் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அவ்வரலாற்றைத் தமிழிலக்கியத்தில் பதிவு செய்துள்ளது. ஆனால் எந்தப் பிரிவிலிருந்து யார் சென்றார், யார் திரும்பவில்லை என்பதற்குப் பொதுவான பட்டியல் எதுவுமில்லை. குடும்பங்களின் வாய்மொழியே சான்று; அதனைச் சொல்லத்தக்க தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் வேறு வகையில் தோட்டங்களைப் பாதித்தது. காட்டோரம் குடியிருந்த சீனர், பிரிக்ஸ் திட்டப்படி புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். வேலியும் காவலும் கொண்ட அவ்விடங்கள் தொடக்கத்தில் துன்பம் மிகுந்தவையே. எனினும் நாளடைவில் அங்குக் குடியிருந்தோர்க்கு நில உரிமமும் ஊர்மன்றமும் கிட்டின. தோட்டத் தொழிலாளரும் அதே காலத்தில் வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். அவர்தம் வேலியோ தோட்ட நிலத்திற்குள்ளேயே அமைந்தது. நிலம் கம்பெனியுடையது. ஆகவே அவசரகாலம் முடிந்தபோது ஒரு சாரார் ஊர் பெற்றிருந்தனர்; மற்றொரு சாரார் புதிய லயம் பெற்றிருந்தனர். பிற்கால வரலாற்றை விளக்குவதற்கு இவ்வொரு வேறுபாடு போதுமென்று கருதுகிறேன்.

துண்டாடலும் வெளியேற்றமும்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் கூறுபோட்டு மறுவிற்பனை செய்தனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது இச்சூழலில்தான். தொழிலாளரே மாதந்தோறும் சிறுதொகை செலுத்தித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். மலேசியத் தமிழர் தாமே நடத்திய பொருளியல் முயற்சிகளுள் இதற்கு இணையானது வேறில்லை. ஆயினும் துண்டாடப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் மீட்க அச்சங்கத்தால் இயலவில்லை.

1969க்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானதால் பலர் தமிழகம் திரும்பினர். பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. அவ்வேலைக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தனர். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வேலை செய்வோர்க்கு நல்ல வீடு வேண்டுமென வலியுறுத்தியது. வேலை முடிந்தபின் அவர் எங்குச் செல்வது என்ற வினாவை அது தொடவில்லை.

ஜெண்டராட்டா இப்பொது நிலைக்கு ஒரு விலக்கு. உரிமையாளர் தொடர்ச்சி அறுபடாததால் பிரிவுகளும் நிலைத்தன. மருத்துவமனை, வழிபாட்டிடங்கள், ரொட்டி ஆலை, செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் சிறு இருப்புப்பாதை என ஒரு சிற்றூருக்குரியனவும் அதற்கு மேற்பட்டனவும் அங்கு உள்ளன. முதியோர் இல்லமும் தோட்டத்திற்குள்ளேயே உள்ளது. அது பாராட்டத்தக்க ஏற்பாடு. அதேவேளை, ஓர் ஊரில் மூன்று தலைமுறை உழைத்தவர்க்கு முதுமையில் தங்குமிடம் சொந்த வீடாக இல்லாமல் இல்லமாக அமைவதேன் என்றும் கேட்கத் தோன்றுகிறது. விடை நிறுவனத்தில் இல்லை. நாட்டின் நிலச்சட்டத்தில் உள்ளது. நல்ல உரிமையாளரின் கீழ் ஊர் நிற்கிறது, அல்லாதார் கீழ் அழிகிறது என்றால், ஊரின் நிலைபேறு ஊராரின் கையில் இல்லை என்பதே பொருள்.

பதிவேடுகள்

இனி, எழுத முனைவோர்க்கு எவை சான்றாகும்? ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்ட ஆய்வு இன்றளவும் முன்மாதிரியானது. ஆனால் ஆய்வு நெறிப்படி அவர் அத்தோட்டத்திற்குப் புனைபெயர் சூட்டினார். அறிவியல் நோக்கில் அது தக்கதே. அத்தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகளோ தம் ஊரை அந்நூலில் பெயரால் காண இயலாது. தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளும், போருக்குமுன் கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசாங்க முகவரின் அறிக்கைகளும் பயனுடையவை. எனினும் அவை மாநிலத்தைப் பேசுவன, பிரிவைப் பேசா. செக்ரோல்கள் கம்பெனியின் உடைமை; தோட்டம் கைமாறும்போது எளிதில் அழிவன.

எஞ்சுவது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. ஜெர்மானியச் சிற்றூருக்குத் தேவாலயப் பதிவேடு எதுவோ, நம் தோட்டப் பிரிவுக்கு இது அது. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தந்தையின் தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியதன் காரணம் என அதன் கட்டங்கள் ஒரு சமூக வரலாற்றுக்கு வேண்டியவற்றைத் தருகின்றன. தந்தையின் தொழிற்கட்டத்தைப் பத்தாண்டுக்கொருமுறை எடுத்து நோக்கினால் பால்மரம் வெட்டுவோர் எப்போது குறைந்தனர் என்பது புலனாகும். விலகிய நாள்கள் ஒரே மாதத்தில் குவிந்திருந்தால் அவ்வாண்டில் தோட்டத்திற்கு நேர்ந்ததைத் தேட வேண்டும். 1942க்கும் 1945க்கும் இடையே பக்கங்கள் வெறுமையாக இருந்தால் அவ்வெறுமையும் சான்றே. போருக்குப் பின் மீண்டும் சேர்ந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே தந்தையின் இடத்தில் தாயின் பெயரோ மாமனின் பெயரோ இருக்குமாயின், அங்கு நின்று வினவ வேண்டும். பெயர்களின் போக்கும் நோக்கத்தக்கது. குலதெய்வப் பெயர்கள் குறைந்து தனித்தமிழ்ப் பெயர்கள் தோன்றும் ஆண்டு, மாநாட்டுத் தீர்மானங்களைவிட நம்பகமாகச் சீர்திருத்தத்தின் வரவை அறிவிக்கும்.

இப்பதிவேடுகள் பள்ளி இடம் பெயரும்போது ஆபத்துக்குள்ளாகின்றன. மாணவர் குறைந்த தோட்டப் பள்ளிகளை நகரையடுத்த குடியிருப்புகளுக்கு மாற்றுவது இன்றைய நடைமுறை. பிள்ளைகள் நலனுக்கு அது வேண்டியதும்கூட. புதிய கட்டடத்திற்கு மேசை நாற்காலி செல்லும். கறையான் அரித்த பழைய பேரேடு பெட்டியோடு கிடக்கும். பிறகு ஒருநாள் எரிக்கப்படும். பள்ளியின் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் நிற்க, அப்பெயருக்குரிய மக்கள் யாவர் என்று கூறும் ஒரே ஏடு மறைந்துபோகும்.

கோயிலின் திருவிழா அழைப்பிதழ்களையும் இவ்வாறே தொகுக்கலாம். உபயகாரர் பட்டியல் ஒரு பிரிவின் குடும்பங்களையும் அவற்றின் முன்பின் வரிசையையும் காட்டும். கங்காணி பெயர் மேலிருந்து கீழிறங்கி, லாரி ஓட்டுநர், ஆசிரியர், கடைக்காரர் ஆகியோர் பெயர்கள் மேலேறுவதை அடுத்தடுத்த ஆண்டுகளின் அழைப்பிதழ்கள் கூறும். இடுகாட்டுக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆனால் செம்பனை மறுநடவின்போது அவை முதலில் அழிவன. தொழிலாளர் தமக்குள் வழங்கிய இடப்பெயர்களைத் திரட்டுவது எல்லாவற்றினும் அவசரமானது. ஆற்றோரம், பாலத்தடி, பழைய ஸ்டோர், கங்காணி பெயரால் அமைந்த லயம் என அவர்கள் வழங்கிய பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை.

ஆசிரியர் ஒருவர் தம் பள்ளியின் பழைய பேரேட்டைக் கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுக்க ஒரு பிற்பகல் போதும். முதலில் அதனைச் செய்து, தலைமையாசிரியரின் இசைவுடன் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்திலோ தேசிய ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைக்கலாம். வாழ்வோரின் தனிவிவரங்கள் அடங்கிய பிற்காலப் பக்கங்களை மூடி வைத்து, 1960க்கு முற்பட்டவற்றை மட்டும் ஆய்வுக்குத் திறப்பது தக்கது. பேரேட்டில் உள்ள பெயர்களை அப்பிரிவில் வாழ்ந்த மூத்தோர் ஒருவருடன் அமர்ந்து படிப்பது அடுத்த பணி. அவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லயத்தைச் சொல்வார். அந்த லயத்திற்கு ஒரு வழியைச் சொல்வார். வரைபடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.